உளவியக்கச் சிகிச்சை: ‘பலன் உண்டா’ என்ற கேள்விக்குப் பிறகு ஆய்வு எங்கே செல்கிறது?

உளவியக்கச் சிகிச்சை பற்றிய செய்திகளில் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு கூற்றுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஃப்ராய்டின் காலத்தோடு முடிந்திருக்க வேண்டிய, அறிவியல் ஆதாரமற்ற முறை அது என்பது ஒன்று. மனச்சோர்வு, பதற்ற நோய் முதலியவற்றில் வேறெந்த உளச்சிகிச்சைக்கும் அது குறைந்ததல்ல என்று ஆய்வுகள் நிறுவிவிட்டன என்பது மற்றொன்று. முதல் கூற்று காலாவதியானது. இரண்டாவது பெருமளவு சரியானது. ஆனால் கேட்கும்போது தோன்றும் அளவுக்கு அது எதையும் விளக்கிவிடுவதில்லை. இத்துறையின் அடுத்த கட்ட ஆய்வு முழுவதும் இந்த இரண்டாவது கூற்று விட்டுச்சென்ற இடைவெளியில்தான் நிகழ வேண்டியிருக்கிறது.

இந்தச் சிகிச்சை எதைச் செய்ய முயல்கிறது

உளவியக்கச் சிகிச்சை, அதாவது சைக்கோடைனமிக் தெரபி, 1890களில் ஃப்ராய்ட் வகுக்கத் தொடங்கிய உளப்பகுப்பாய்விலிருந்து கிளைத்தது. வாரத்துக்கு நான்கைந்து முறை, சாய்வுப் படுக்கையில் படுத்தபடி, ஆண்டுக்கணக்கில் பேசும் பழைய வடிவத்தை மட்டுமே மனத்தில் கொண்டு இதை எடைபோடுவது பொருந்தாது. ஆய்வுகளில் பெரும்பாலும் இடம்பெறுவது வாரம் ஒருமுறை எதிரெதிரே அமர்ந்து பேசி, சில மாதங்களுக்குள் முடியும் குறுகிய கால வடிவம். ஓராண்டுக்கு மேல் நீளும் நெடுங்கால வடிவமும் உண்டு. எல்லா வடிவங்களுக்கும் பொதுவான கருத்துகள் நான்கு:

1. நனவிலி மனம்: ஒருவருடைய உணர்வுகளும் தேர்வுகளும் அவர் அறியாத நோக்கங்களாலும் முரண்பாடுகளாலும் ஓரளவு தீர்மானிக்கப்படுகின்றன.
2. தற்காப்பு முறைகள்: தாங்க முடியாத உணர்வைத் தவிர்க்க மனம் கையாளும் வழிகள். கோபத்தை உணராமலே இருப்பது, அதைப் பிறர் மேல் ஏற்றிக் காண்பது போன்றவை இதில் அடங்கும்.
3. உணர்வுப் பெயர்ச்சி, அதாவது டிரான்ஸ்ஃபரன்ஸ்: முக்கியமான பழைய உறவுகளில் உருவான எதிர்பார்ப்புகளைச் சிகிச்சையாளர் மேலும் வைத்து நடந்துகொள்வது.
4. அகப்புரிதல்: இந்த வடிவங்களைத் தன்னிடமே கண்டுகொள்வது. அறிவால் ஒப்புக்கொள்வது மட்டும் போதாது, உணர்ந்தறிவதும் வேண்டும் என்பது இந்த மரபின் நிலைப்பாடு.

இன்று பரவலாக வழங்கப்படும் சிபிடி எனும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, நிகழ்காலச் சிந்தனைப் பழக்கங்களையும் நடத்தைகளையும் பயிற்சிகளின் மூலம் நேரடியாக மாற்ற முயல்கிறது. ஆகவே ஒப்பீட்டு ஆய்வுகளில் எதிர்த்தரப்பாக நிற்பது பெரும்பாலும் சிபிடிதான்.

ஆதாரப் பற்றாக்குறை எப்படி உருவானது

1952-இல் உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க் ஒரு கடுமையான கேள்வியை எழுப்பினார். நரம்பியல்பு நோய், அதாவது நியூரோசிஸ், என்று அன்று அழைக்கப்பட்ட பதற்றம், அச்சம் போன்ற நிலைகளில், முறையான உளச்சிகிச்சை இல்லாமலே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இரண்டாண்டுகளில் தேறிவிடுகிறார்கள் என்றும், சிகிச்சை பெற்றவர்கள் அதைவிட மேலாகத் தேறியதற்குச் சான்று இல்லை என்றும் அவர் வாதிட்டார். அவருடைய கணக்கு பின்னர் பல வகையில் மறுக்கப்பட்டது. 1977-இல் மேரி ஸ்மித், ஜீன் கிளாஸ் இருவரும் 375 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுதிரட்டி, உளச்சிகிச்சைக்குப் பொதுவாகக் கணிசமான பலன் உண்டு என்று காட்டினார்கள். இப்படிப் பல ஆய்வுகளின் முடிவுகளைப் புள்ளியியல் முறையில் இணைப்பதே மெட்டா அனாலிசிஸ், அதாவது தொகுப்பாய்வு.

இதற்குப் பின் வந்த கட்டம்தான் உளவியக்க மரபைப் பின்னுக்குத் தள்ளியது. 1990களில் அமெரிக்க உளவியல் கழகத்தின் மருத்துவ உளவியல் பிரிவு, எந்தச் சிகிச்சைக்கு ஆதாரம் உண்டு என்று தீர்மானிப்பதற்கான அளவுகோல்களை வகுத்தது. சிகிச்சை கையேட்டு வடிவில் எழுதப்பட்டிருக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு நோய்க்கு அது சோதிக்கப்பட வேண்டும். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து ஒப்பிட வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக்குழுக்கள் அதே முடிவை எட்ட வேண்டும். சிபிடி இந்த அளவுகோல்களுக்கு ஏற்பவே வளர்ந்து வந்த முறை. உளவியக்க மரபினரில் பலரோ, ஒவ்வொரு மனிதரின் உள்வாழ்வும் தனித்தன்மை உடையது, அதைக் கையேட்டிலும் அளவுகோலிலும் அடக்க முடியாது என்று சொல்லி ஒதுங்கி நின்றார்கள். லெஸ்டர் லுபோர்ஸ்கி போன்ற சிலர் 1980களிலேயே கையேடுகளையும் அளவிடும் முறைகளையும் உருவாக்கியிருந்தும், பயிற்சி நிறுவனங்களின் பொதுப்போக்கு மாறவில்லை. ஆதாரம் திரட்டப்படாமல் இருந்ததற்கு எதிராளிகளின் பகைமை மட்டும் காரணமாகாது. பெரும் பகுதி உள்ளிருந்தே வந்த அலட்சியம்.

அதன் விளைவுகள் நடைமுறை சார்ந்தவை. ஜெர்மனியில் 1967 முதல் மருத்துவக் காப்பீடு உளவியக்க, உளப்பகுப்பாய்வுச் சிகிச்சைகளுக்குப் பணம் தருகிறது. அங்கே ஆய்வும் தழைத்தது. இங்கிலாந்தில் 2008-இல் தொடங்கிய பொது உளச்சிகிச்சைத் திட்டம் பெரும்பாலும் சிபிடியை மையமாகக் கொண்டே கட்டப்பட்டது. வழிகாட்டு நெறிகளில் இடமில்லாத சிகிச்சைக்குப் பணியிடம் குறைகிறது, பல்கலைக்கழகங்களில் கற்பிப்போர் குறைகிறார்கள், ஆய்வு செய்யத் தெரிந்தவர்களும் குறைகிறார்கள். ஆதாரம் இல்லாததால் ஆய்வு நடக்கவில்லை, ஆய்வு நடக்காததால் ஆதாரம் இல்லை என்ற சுழல் இதுதான்.

இப்போது கையில் இருப்பவை

கடந்த இருபது ஆண்டுகளில் நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. முக்கியமான சில ஆய்வுகள்:

1. ஆம்ஸ்டர்டாமில் மனச்சோர்வு கொண்ட 341 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், 16 அமர்வுகள் கொண்ட சிபிடிக்கும் உளவியக்கச் சிகிச்சைக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.
2. அதே ஆண்டில் ஜெர்மனியிலிருந்து வந்த சமூகப் பதற்ற நோய் ஆய்வில் 495 பேர் இடம்பெற்றனர். நோய் தணிந்தோர் சிபிடியில் 36 விழுக்காடு, உளவியக்கச் சிகிச்சையில் 26 விழுக்காடு, காத்திருப்போர் பட்டியலில் 9 விழுக்காடு. சிகிச்சை முடிந்தபோது சிபிடி முந்தியிருந்தது. இரண்டு ஆண்டுத் தொடர்கண்காணிப்பில் அந்த இடைவெளி மறைந்தது.
3. உணர்ச்சிகளும் உறவுகளும் தொடர்ந்து நிலைகுலையும் எல்லைநிலை ஆளுமைக் கோளாறுக்காகப் பேட்மன், ஃபோனகி என்ற ஆய்வாளர்கள் இருவரும் உருவாக்கிய சிகிச்சை, தன் மனத்திலும் பிறர் மனத்திலும் என்ன நடக்கிறது என்று எண்ணிப்பார்க்கும் திறனை வளர்ப்பது. எட்டு ஆண்டுகள் கழித்து, 41 பேர் கொண்ட அந்தச் சிறிய ஆய்வில், இச்சிகிச்சை பெற்றவர்களில் 13 விழுக்காட்டினரும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 87 விழுக்காட்டினரும் கோளாறின் வரையறைக்குள் நீடித்தார்கள்.
4. 23 குலுக்கல் ஆய்வுகளைத் திரட்டிய 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, பலன் நிறுவப்பட்ட பிற சிகிச்சைகளுக்கு உளவியக்கச் சிகிச்சை சமமானது என்று முடிவு செய்தது. 2023-இல் ‘வேர்ல்ட் சைக்கியாட்ரி’ இதழில் வெளியான விரிவான மதிப்பாய்வும் மனச்சோர்வு, பதற்றம், ஆளுமைக் கோளாறு, உடல்வழி வெளிப்படும் மனநோய்கள் ஆகியவற்றில் ஆதாரம் போதுமானது என்றது.

மருத்துவ வழிகாட்டு நெறிகளை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட மனச்சோர்வு வழிகாட்டு நெறியும் குறுகிய கால உளவியக்கச் சிகிச்சையைத் தேர்வுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ‘ஆதாரமற்றது’ என்ற பழைய குற்றச்சாட்டை இன்றும் அப்படியே திருப்பிச் சொல்பவர்கள் இவற்றைப் படிக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

‘சமம்’ என்ற முடிவு எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது

சமம் என்ற சொல் நிம்மதி தரலாம். ஆயினும் அதற்குள் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, சமமாக இருப்பது எந்த உயரத்தில் என்பது. மேற்சொன்ன ஆம்ஸ்டர்டாம் ஆய்வில், இரண்டு சிகிச்சைகளையும் சேர்த்துப் பார்த்தால், சிகிச்சை முடிவில் நோய் முழுமையாகத் தணிந்தவர்கள் 22.7 விழுக்காட்டினர் மட்டுமே. பயனில் சமம் என்று எழுதப்படும் அதே முடிவை, நோய் தணியாமல் போவதிலும் சமம் என்று எழுதலாம். எந்த மரபுக்கும் கொண்டாட இதில் அதிகமில்லை.

இரண்டாவது, புள்ளியியல் சார்ந்தது. ஒரு சிகிச்சையைச் சிகிச்சையின்மையோடு ஒப்பிட்டால் வேறுபாடு பெரிதாக இருக்கும். சிறிய ஆய்விலும் அது புலப்படும். வலுவான இரண்டு சிகிச்சைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால், இருக்கக்கூடிய வேறுபாடு மிகச் சிறியதாகவே இருக்கும். அத்தகைய சிறு வேறுபாட்டை, அதாவது குழுக்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் குறிக்கும் விளைவளவு 0.2 மட்டுமே ஆகும்போது, நம்பிக்கையோடு கண்டுபிடிக்க ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ 400 பேர் தேவை. உளச்சிகிச்சை ஆய்வுகளில் பெரும்பாலானவை அந்த எண்ணிக்கையின் பக்கத்தில்கூட வருவதில்லை. வேறுபாடு தென்படவில்லை என்பதும் வேறுபாடு இல்லை என்பதும் ஒன்றாகாது. இதனால்தான் எந்த அளவுக்குப் பின்தங்கினால் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பதை முன்கூட்டியே அறிவித்துவிட்டுச் செய்யும் ‘தாழ்வின்மை’ ஆய்வுகள் இப்போது பெருகுகின்றன. எல்லையை எங்கே வகுப்பது என்பதில் அவற்றிலும் ஆய்வாளரின் கை இருக்கிறது.

மூன்றாவது, ஆய்வாளரின் சார்பு. தான் நம்பும் சிகிச்சையைச் சோதிப்பவருக்கு அந்தச் சிகிச்சை நன்றாக வேலை செய்வதாகத் தெரியும் போக்கு பலமுறை பதிவாகியிருக்கிறது. வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள் என்று இதற்குப் பொருளில்லை. எதிர்த்தரப்புச் சிகிச்சையைத் தருபவருக்கு அரைகுறைப் பயிற்சி கொடுத்தாலே போதும், முடிவு சாய்ந்துவிடும். சிபிடிக்குச் சாதகமான பல ஆய்வுகளுக்கும் உளவியக்கத்துக்குச் சாதகமான பல ஆய்வுகளுக்கும் இது ஒருசேரப் பொருந்தும். இரு தரப்பினரும் கூட்டாக வடிவமைத்து, அளவுகோல்களையும் பகுப்பாய்வுத் திட்டத்தையும் முன்பதிவு செய்துவிட்டு, அதாவது தரவு திரட்டும் முன்பே பொதுவில் பதிந்துவிட்டு, நடத்தும் ஆய்வே இதற்கு மருந்து. உளவியல் இதழ்களில் வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது ஏறத்தாழ 36 விழுக்காட்டில்தான் புள்ளியியல் முக்கியத்துவம் மீண்டும் கிடைத்தது என்று 2015-இல் தெரிய வந்த பிறகு, முன்பதிவு இல்லாத சிறு ஆய்வை அப்படியே ஏற்க முடியாது.

ஆகவே இரண்டு குதிரைகளை ஓடவிட்டு வென்றது எது என்று பார்க்கும் ஆய்வுகளை மேலும் மேலும் செய்வதால் கிடைக்கும் அறிவு குறைந்துகொண்டே போகிறது. சார்லஸ் டார்வினுக்கு முந்தைய உயிரியல் போல வகைப்பட்டியல் நீளலாம்; ஏன், எப்படி என்பது தெரியாமலே இருக்கும்.

நல்ல ஆய்வு எப்படி இருக்கும்: ஆஸ்லோ எடுத்துக்காட்டு

இந்தத் துறையில் மிகவும் கற்றுத்தந்த ஆய்வு எதுவென்று கேட்டால், நார்வேயில் பெர் ஹோக்லெண்டும் குழுவினரும் செய்து 2006 முதல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். அது இரண்டு மரபுகளை மோதவிடவில்லை. 100 நோயாளிகளுக்கும் வாரம் ஒருமுறை, ஓராண்டுக்கு உளவியக்கச் சிகிச்சையே தரப்பட்டது. ஒரே ஒரு கூறு மட்டும் மாறியது: ஒரு குழுவில் சிகிச்சையாளர்கள் உணர்வுப் பெயர்ச்சியைப் பற்றி, அதாவது தங்களுக்கும் நோயாளிக்கும் இடையே அறைக்குள் நிகழ்வதைப் பற்றி, வெளிப்படையாகப் பேசினார்கள், மற்றொரு குழுவில் அதே சிகிச்சையாளர்கள் அதைத் தவிர்த்தார்கள்.

சராசரியில் இரு குழுக்களுக்கும் வேறுபாடில்லை. ஆய்வு அங்கேயே நின்றிருந்தால், நூறாண்டு காலக் கோட்பாட்டின் மையத் தூண் தேவையற்றது என்று தலைப்புச் செய்தி வந்திருக்கும். ஆனால் நோயாளிகளின் உறவுத்தரத்தை, அதாவது பிறரோடு நிலையான, பரஸ்பர உறவுகளை வைத்துக்கொள்ளும் திறனை, குழுவினர் தொடக்கத்திலேயே அளந்து வைத்திருந்தனர். அதன்படி பிரித்துப் பார்த்தபோது படம் மாறியது. உறவுத்தரம் குறைந்தவர்களுக்கு உணர்வுப் பெயர்ச்சி பற்றிய பேச்சு கூடுதல் பலன் தந்தது. உறவுகளில் தடுமாறுபவரிடம் நேரடியாக அதைப் பேசினால் தாங்கமாட்டார், திடமானவரிடம்தான் பேச வேண்டும் என்பது மருத்துவர்களிடையே அதுவரை நிலவிய பொது நம்பிக்கை. முடிவு அதற்கு நேர்மாறாக இருந்தது. 2010-இல் வெளியான தொடர் பகுப்பாய்வு இன்னும் ஒரு படி சென்று, இவர்களிடம் அந்தப் பலன் அகப்புரிதல் கூடியதன் வழியாக வந்தது என்று காட்டியது.

இதிலிருந்து வருங்கால ஆய்வுக்கு மூன்று பாடங்கள் கிடைக்கின்றன.

1. சராசரி ஒன்றையே பார்த்தால், ஒருவருக்கு உதவுவதும் மற்றவருக்கு உதவாததும் ஒன்றையொன்று அழித்துவிடும்.
2. ‘யாருக்கு’ என்ற கேள்விக்கான அளவீடு சிகிச்சை தொடங்கும் முன்பே திட்டமிடப்பட வேண்டும். முடிவுகள் வந்த பிறகு தேடினால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே கிடைக்கும்.
3. கோட்பாட்டின் ஒரு கூற்றைத் தனியே பிரித்தெடுத்துச் சோதிக்க முடியும். இந்தச் சிகிச்சை மொத்தமாக மட்டுமே புரிந்துகொள்ளத்தக்கது என்ற பழைய சாக்கு செல்லாது.

நூறு பேர் கொண்ட ஆய்வில் துணைக்குழு என்பது சிறிதுதான். ஆகவே இம்முடிவு வேறு குழுக்களால், பெரிய அளவில் திரும்பச் செய்யப்பட வேண்டும்.

காலம் என்னும் இடையூறு

ஆளுமையின் ஆழத்தில் மாற்றம் நிகழ்வதால், சிகிச்சை நின்ற பிறகும் முன்னேற்றம் தொடரும் என்பது உளவியக்க மரபின் தனிப்பட்ட கூற்று. இதற்கு மிக நெருங்கிய சான்று லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தின் ஆய்வு. வேறு சிகிச்சைகளுக்கு மசியாத நீடித்த மனச்சோர்வு கொண்ட 129 பேர் இதில் பங்கேற்றனர். ஒரு பகுதியினர் 18 மாதங்கள் உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை பெற்றனர். சிகிச்சை முடிந்தபோது முழுத் தணிவு 9.4 விழுக்காடு, வழக்கமான சிகிச்சைக் குழுவில் 6.5 விழுக்காடு, வேறுபாடென்று சொல்லத் தக்கதில்லை. மேலும் இரண்டாண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பகுதித் தணிவு அடைந்தவர்கள் 30 விழுக்காடு, எதிர்க்குழுவில் 4.4 விழுக்காடு. சிகிச்சை முடிந்த நாளோடு அளவீட்டை நிறுத்தியிருந்தால் இந்த ஆய்வு தோல்வி என்றே பதிவாகியிருக்கும்.

இருந்தாலும் எதிர்க்குழுவினர் பெற்றது சமமான நேரமும் கவனமும் கொண்ட மற்றொரு சிகிச்சை அன்று. எனவே தொடர்ந்த முன்னேற்றத்துக்குக் காரணம் உளப்பகுப்பாய்வின் தனித்தன்மையா, நீண்ட நாள் ஒருவர் கூடவே இருந்ததா என்று பிரிக்க இயலாது. அதைப் பிரிக்க, சம நீளமுள்ள இரண்டு நெடுங்காலச் சிகிச்சைகளை ஒப்பிட வேண்டும். ஜெர்மனியில் நீடித்த மனச்சோர்வு கொண்ட 252 பேரிடம் நெடுங்கால உளப்பகுப்பாய்வையும் நெடுங்கால சிபிடியையும் ஒப்பிட்ட ஆய்வு அவ்வழியில் சென்றது. 2019-இல் வெளியான அதன் முடிவு, இரண்டுக்கும் வேறுபாடில்லை என்பதே. ஆழமான மாற்றம் என்ற கூற்றை மெய்ப்பிக்க, அறிகுறிப் பட்டியலைத் தாண்டிய அளவீடுகள் வேண்டும். 2022 முதல் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு ஆளுமைக் கோளாறுகளைத் தனித்தனிப் பெயர்களாகப் பார்ப்பதை விட்டு, தீவிரத்தின் அடிப்படையில் பார்க்கிறது. தன்னைப் பற்றிய உணர்விலும் உறவுகளிலும் ஒருவர் எவ்வளவு தடுமாறுகிறார் என்பதே அதன் அடிப்படை. உளவியக்க ஆய்வாளர்கள் நெடுநாளாக அளக்க விரும்பியதும் இதுவே. அவர்களுக்கு இப்போது பொது மொழி ஒன்று கிடைத்திருக்கிறது.

புதிய கருவிகள்

தனிநபர் தரவுத் தொகுப்பாய்வு: வெளியான சராசரிகளை மட்டும் திரட்டாமல், பழைய ஆய்வுகளில் பங்கேற்ற ஒவ்வொருவரின் மூலத்தரவையும் ஒன்றுசேர்ப்பது. யாருக்கு எது பொருந்தும் என்று கேட்பதற்கான எண்ணிக்கை தனி ஆய்வு எதிலும் கிடைக்காது, இப்படித்தான் கிடைக்கும். மனச்சோர்வில் குறுகிய கால உளவியக்கச் சிகிச்சை பற்றி எலன் டிரீசன் குழுவினர் இதைச் செய்துவருகிறார்கள். தரவைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் பரவினால் இதுவே மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும் பணி.

அமர்வுக்கு அமர்வு அளவீடு: சிகிச்சையாளரோடு அமையும் நல்லுறவுக்கும் பலனுக்கும் தொடர்புண்டு என்பதை 295 ஆய்வுகளின் 2018 தொகுப்பாய்வு உறுதிசெய்தது, தொடர்பின் அளவு (0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) ஏறத்தாழ 0.28. நல்லுறவால் நோய் தணிந்ததா, நோய் தணிந்ததால் உறவு இனித்ததா என்பதை ஒருமுறை அளந்து சொல்ல முடியாது. ஒவ்வொரு அமர்விலும் இரண்டையும் அளந்து, ஒரே நபரிடம் எது முந்தி வருகிறது என்று பார்க்க வேண்டும்.

தானியங்கி மொழிப் பகுப்பாய்வு: ஒரு மணி நேர அமர்வின் பதிவை எழுத்தாக்கி, பயிற்சி பெற்றவர்கள் படித்துக் குறியீடு இடுவதற்குப் பல மணி நேரம் ஆகும். அமர்வுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும் செயல்முறை ஆய்வுகள் எப்போதும் சிறியனவாக இருந்ததற்கு இதுவே முதற்காரணம். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளும் மொழி மாதிரிகளும் இந்தத் தடையைத் தகர்க்கக்கூடும். கருவி எதை அளக்கிறது என்பதில்தான் கவனம் வேண்டும்: நோயாளி சொல்லாமல் விட்டதும், பேச்சுக்கு நடுவே விழுந்த மௌனமும் இந்த மரபில் சொன்னதற்கு நிகரான பொருள் உடையவை. மனிதர் வாழ்வின் மிக அந்தரங்கமான பேச்சு யாருடைய கணினியில் தங்குகிறது என்ற கேள்விக்கு விடையும், முறையான ஒப்புதலும் பாதுகாப்பும் இல்லாமல் எந்தக் குழுவும் இதில் இறங்கக் கூடாது.

மூளைப் படமெடுப்பு குறித்த எதிர்பார்ப்பு, என் மதிப்பீட்டில், மிகையானது. சிகிச்சைக்குப் பின் மூளைச் செயல்பாட்டில் மாற்றம் காட்டிய ஆய்வுகள் உண்டு. மிகச் சில நோயாளிகளை வைத்தே அவை நடந்தன. மாற்றம் நிகழ்ந்தது என்று சொல்வதால் எந்தக் கூறு அதைச் செய்தது என்று தெரிந்துவிடாது.

இணையவழிச் சிகிச்சை எழுப்பும் கேள்வி

ஸ்வீடனில் மனச்சோர்வு கொண்ட 272 பதின்பருவத்தினரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், இணையம் வழியே தரப்பட்ட உளவியக்கச் சிகிச்சை இணையவழி சிபிடிக்குத் தாழ்ந்ததல்ல என்று தெரிந்தது. எழுத்தும் காணொளியுமான பாடங்கள், பயிற்சிகள், வாரம் ஒருமுறை சிகிச்சையாளரோடு எழுத்து வழி அரட்டை. பத்து வாரங்களில் முடிந்துவிடும் திட்டம் அது. சிகிச்சையாளர் கிடைக்காத பெரும்பான்மையினரை எட்ட இது வழி திறக்கிறது.

கோட்பாட்டுக்கோ இது சங்கடமான முடிவு. ஒரே அறையில், ஆண்டுக்கணக்கில் வளரும் உறவே மாற்றத்தின் கருவி என்று சொல்லிவந்த மரபின் சிகிச்சை, முகம் பார்க்காமலே, தட்டச்சு செய்த சொற்களால் பலன் தருகிறது. இதற்கு இரண்டு விளக்கங்கள் சாத்தியம். தவிர்த்துவந்த உணர்வை எதிர்கொள்ளக் கற்றுக்கொள்வதே செயல்படும் கூறு, உறவு அதற்கான ஒரு வாகனம் மட்டும் என்பது ஒன்று. எழுத்து வழி அரட்டையிலும் உணர்வுப் பெயர்ச்சி உட்பட அந்த உறவு முழு வலுவோடு உருவாகிவிடுகிறது என்பது மற்றொன்று. அதே பாடங்களை ஒரு குழுவுக்கு அரட்டையோடும், ஒரு குழுவுக்கு அரட்டை இல்லாமலும், மூன்றாவது குழுவுக்கு நேரடிச் சந்திப்போடும் தந்து, தொடக்கத்தில் உறவுத்தரத்தையும் ஒவ்வொரு வாரமும் உணர்வைத் தவிர்க்கும் அளவையும் அளந்தால், இந்த இரண்டு விளக்கங்களில் ஒன்றை விலக்க முடியும்.